காலைல எந்திரிக்கிற நேரத்தை விட்டுடாதீங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். லாக்டவுன் மாதிரி வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற நேரத்துல மனசை எப்படிப் பாத்துக்கறதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. இந்த மாதிரி பேச்சுன்னாலே பாசிட்டிவா இருங்க, தைரியமா இருங்கன்னுதான் ஆரம்பிப்பாங்க, நான் அதைச் சொல்லப் போறதில்ல, ஏன்னா வீட்டுக்குள்ளயே உக்காந்து வேலை என்னாகும், வருமானம் என்னாகும், பெரியவங்களுக்கு எதாவது ஆயிடுமோன்னு பதறிட்டு இருக்கற ஒருத்தர்கிட்ட போய் பாசிட்டிவா இருன்னு சொன்னா அவருக்கு கோவம்தான் வரும். இந்த நேரத்துல பயம் வர்றது நியாயம். கொரோனா வந்த முதல் வருஷத்துலயே உலகம் முழுக்க பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிப்போச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022-ல சொல்லுச்சு. அதனால தூக்கம் வரல, சட்டுசட்டுன்னு எரிச்சல் வருது, காரணமே தெரியாம அழுகை வருதுன்னா எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு குமைஞ்சுட்டு இருக்காதீங்க.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். காலைல எந்திரிக்கிற நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க.

மாஸ்கோவுல 2010 ஜூன்ல ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. செவ்வாய் கிரகத்துக்குப் போயிட்டு வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணி ஆறு பேரை ஜன்னலே இல்லாத கூடத்துக்குள்ள 520 நாள் வச்சிருந்தாங்க. எல்லாரும் பயிற்சி எடுத்தவங்க, தெரிஞ்சேதான் உள்ள போனாங்க. அப்படியிருந்தும் அவங்க மணிக்கட்டுல கட்டியிருந்த கருவியில பாத்தா நாள் போகப்போக உடம்போட அசைவு குறைஞ்சுட்டே வந்திருக்கு, தூங்கறதும் சும்மா கிடக்கறதும் கூடியிருக்கு, ஒருத்தருக்கு நாளே 25 மணி நேரம்னு ஆகி மத்தவங்க முழிச்சிருக்கப்ப அவரு தூங்கற நிலைமை வந்துருச்சு.

நம்ம மூளைக்குள்ள இருக்கற கடிகாரம் பெரும்பாலானவங்களுக்கு 24 மணி நேரத்தை விட கொஞ்சம் நீளமாதான் ஓடும், தினமும் காலை வெளிச்சம் கண்ணுல படப்பட அது நேர் ஆகிக்கும். ஆபீஸுக்கு ஓடறது, புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பறதுன்னு இருந்தப்ப நமக்கே தெரியாம அது நடந்துட்டு இருந்துச்சு, லாக்டவுன்ல அதெல்லாம் நின்னு போயிடறதால நாமளேதான் செய்யணும். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாலும் சரி, காலைல அதே நேரத்துக்கு எந்திரிங்க, மூஞ்சி கழுவி துணி மாத்திட்டு ஒரு அரை மணி நேரம் ஜன்னல் ஓரமோ மாடியோ எங்க முடியுமோ அங்க வெளிச்சத்துல இருங்க. மேகமூட்டமா இருந்தாலும் வெளிய இருக்கற வெளிச்சம் வீட்டு லைட்டை விட பல மடங்கு அதிகம். மனசு சரியானதும் செய்யலாம்னு காத்திருக்காதீங்க, முதல்ல கை கால் அசையணும், மனசு பின்னாடிதான் வரும், மனச்சோர்வுக்கு சிகிச்சை குடுக்கறவங்கள்ல பல பேரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க.

அடுத்தது ராத்திரி. லைட்டை அணைச்சாச்சு, பக்கத்துல எல்லாரும் தூங்கியாச்சு, ஒருத்தர் மட்டும் போர்வைக்குள்ள போனை வச்சுட்டு இன்னிக்கு எத்தனை கேஸ், எத்தனை சாவுன்னு தள்ளிட்டே இருக்காரு, நடுவுல குடும்ப குரூப்ல யாரோ ஃபார்வர்டு பண்ண ஆடியோ வேற, அதைக் கேட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, அது நிஜமா பொய்யான்னு தேடப்போய் மணி ரெண்டு. தயவுசெஞ்சு நியூஸை ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை பகல்லயே பாத்து முடிச்சுடுங்க, போனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க. கவலையை நிறுத்துன்னா நிக்காது, ஆனா தள்ளிப்போட முடியும். தாமஸ் போர்கோவெக்னு ஒரு உளவியலாளரும் அவரோட குழுவும் 1983-லயே இதை சோதிச்சுப் பாத்தாங்க, தினமும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல அரை மணி நேரம் கவலைப்படறதுக்குன்னே ஒதுக்கறது, மத்த நேரத்துல கவலை வந்தா அப்ப பாத்துக்கலாம்னு விட்டுடறது. நோட்டை எடுத்து எழுதிப் பாருங்க, அதுல பாதிக்கு இப்போதைக்கு நாம செய்ய எதுவுமே இல்லங்கறது எழுதும்போதுதான் தெரியும்.

தனியா இருக்கற பெரியவங்களுக்கு போன் பண்றோம், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, பரவால்ல, வச்சுடறோம். இன்னும் கொஞ்சம் பேசுங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வேலையை எப்படி செய்யறதுன்னு கேளுங்க, தான் இன்னும் ஒருத்தருக்குத் தேவைப்படறோம்ங்கறது அவங்க குரல்லயே தெரியும்.

வீட்டுக்குள்ளயே அடியும் மிரட்டலும் இருக்கறவங்களுக்கு நான் சொன்ன இது எதுவும் போதாது. கொரோனா லாக்டவுன்ல குடும்ப வன்முறை பயங்கரமா கூடிடுச்சுன்னு ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டரெஸ் 2020 ஏப்ரல்லயே எச்சரிச்சாரு. பொறுத்துக்கோன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லாதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, உதவி எண்ல, போலீஸ்ல சொல்ல வழி பண்ணிக் குடுங்க.

மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க ஸ்டாக் தீர்றதுக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் பண்ணுங்க, நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. தூக்கத்துக்குன்னு குடியைத் தொடாதீங்க, சீக்கிரம் தூக்கம் வந்த மாதிரி இருக்கும், பாதி ராத்திரில முழிப்பு வந்துரும். எதுலயும் நாட்டமில்லாம, பெரும்பாலான நேரம் மனசு இருண்டு போய் ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா அது சும்மா போரடிக்கறது கிடையாது, டாக்டர்கிட்ட பேசணும்.

செத்துப்போயிட்டா நல்லாருக்கும்ங்கற மாதிரி யாராவது பேசினா பேச்சை மாத்தாதீங்க. தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடும்னு பயப்பட வேண்டாம், அப்படி வர்றதில்ல, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு நிறைய பேர் அப்பதான் வாயைத் திறக்கறாங்க. ஆமான்னு சொன்னா அவரைத் தனியா விடாதீங்க, மாத்திரை, பூச்சிமருந்து எது கைக்கெட்டற இடத்துல இருந்தாலும் எடுத்துடுங்க, லாக்டவுன் முடியட்டும்னு பாக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வணக்கம்.