காற்றில் இல்லாத அடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் பேசுகிறேன். அண்மைக்காலமாக என் மாணவர்கள் சிலர் ஹெட்போன் மாட்டிக்கொண்டே கணக்குச் செய்கிறார்கள். பாட்டா என்று கேட்டால், "இல்லை சேர், பைனோரல் பீற்ஸ், கவனம் கூடுமாம்" என்கிறார்கள்.

வீணைக்குச் சுருதி கூட்டுகையில், ஏறத்தாழ ஒத்த இரு தந்திகளை ஒன்றாக மீட்டினால் ஒலி ஏறியும் இறங்கியும் விம்முவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டின் மீடிறன், அதாவது செக்கனுக்கான அதிர்வு எண்ணிக்கை, எவ்வளவு வேறுபடுகிறதோ அதுவே அந்த அடிப்பின் வேகம். அங்கே ஒலிகள் காற்றில் கலக்கின்றன. ஆனால் இடது செவிக்கு 400 ஹேர்ட்ஸும் வலது செவிக்கு 410 ஹேர்ட்ஸும் தனித்தனியே கொடுத்தால், காற்றில் எதுவும் கலவாதபோதும் செக்கனுக்குப் பத்து அடிப்புகள் கேட்கின்றன. பிரஷ்ய விஞ்ஞானி ஹைன்றிச் டோவ 1839இல் கண்டறிந்த, பைனோரல் பீற்ஸ் எனப்படும் இவ்வடிப்பு, இரு செவிகளின் நரம்புச் செய்திகளும் சந்திக்கும் மூளைத்தண்டில் பிறக்கிறது. ஆகவே அதை இப்போது இவ்வானொலியில் ஒலிக்கச் செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பது வெறும் வீணை அடிப்புத்தான். ஹெட்போனை ஒற்றைக் காதில் மட்டும் மாட்டினால் அதுவும் இல்லை.

இதுவரை ஐயமில்லை. மூளையின் மின்னலைகள் அந்த அடிப்பைப் பின்தொடர்ந்து, விழிப்புக்குரிய 13 முதல் 30 ஹேர்ட்ஸ் வரையான தாளத்துக்கு ஏறிக் கவனத்தைக் கூர்மையாக்கும் என்பதுதான் சிக்கலான பகுதி. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள் நினைவிலும் கவனத்திலும் நடுத்தரப் பயனைக் கண்டார்கள். 2023இல் மூளை மின்னலைப் பதிவுகள் கொண்ட 14 ஆய்வுகளைச் சீர்தூக்கியபோதோ, 5 மட்டுமே அந்தப் பின்தொடர்தலை ஆதரித்தன. 8 எதிராக நின்றன. அதே ஆண்டு, வீட்டிலிருந்தபடியே இவ்வொலியைக் கேட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில் சிந்தனைத்திறன் குறைந்தே காணப்பட்டது. மின்னலை பின்தொடர்ந்தாலும் கணக்கு சரியாக வரும் என்பதற்கு அது உத்தரவாதமாகாது என்பது என் கருத்து.

விடைத்தாள் திருத்தும்போது நானும் கேட்டுப்பார்த்தேன். கோயில் திருவிழா ஒலிபெருக்கி செவியில் விழாதது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தப் பெருமை ஹெட்போனின் பஞ்சுக்கே உரியது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனைக் கேட்கும் ஊர்க்காரன் நான், ஆதலால் கேளாமலே ஒதுக்க மனம் வரவில்லை. கேட்க விரும்புவோர் ஒலியைத் தாழ்த்தி வையுங்கள். வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லே எல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு நோயுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்பது நல்லது.

இந்த அடிப்பு கவனத்தைக் கூட்டுமா என்பதை என் வகுப்பில் நால்வர் இப்போது சோதிக்கிறார்கள். ஒருநாள் இரு செவிக்கும் ஒரே மீடிறன், மறுநாள் வேறுபட்ட மீடிறன், இரண்டிலும் மேலே மழைச்சத்தம். எந்த நாள் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கடந்தகால வினாக்கள் இருபது. அந்தக் குறிப்பு ஒட்டி மூடிய உறையில் என் மேசையில் இருக்கிறது. மாத இறுதியில் பிரிப்போம்.