மாப்பிள்ளைச் சம்பாவின் டிஎன்ஏவுக்கு நீள வாசிப்பு தேவையா?

திருவாரூர்ப் பக்கம் பாரம்பரிய நெல் பயிரிடும் அன்பர் ஒருவர், "மாப்பிள்ளைச் சம்பா போன்ற நம் பழைய ரகங்களின் டிஎன்ஏவை நீள வாசிப்பு முறையில் படிப்பதால் என்ன பயன், அதில் குறையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

நம் டெல்டா வயல்களுக்கு அறிமுகமான ஒரு மரபணுவைக் கொண்டே இதை விளக்குகிறேன். சம்பாப் பயிர் வெள்ளத்தில் முழுவதும் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தாங்கி மீளும் வலுவை சி.ஆர். 1009 சப் 1 ரகத்துக்குத் தருவது, ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த சப்1ஏ என்ற மரபணு. 2005-இல் டிஎன்ஏவின் எழுத்துகளாகிய வேதி அலகுகளின் முழு வரிசை வெளியிடப்பட்டு, இன்றும் ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஜப்பானிய நிப்பான்பாரே நெல்லில் அந்த மரபணுவே கிடையாது. குறு வாசிப்பு முறையில் 150 முதல் 300 எழுத்துகள் வரை உள்ள துண்டுகளாகப் படித்து, அவற்றை நிப்பான்பாரேயின் வரிசையோடு பொருத்துவதே வழக்கம் என்பதால், அதில் இல்லாத மரபணுவின் துண்டுகள் சேர இடமின்றி ஒதுங்கிவிடுகின்றன. ஒப்பீடு இல்லாமல் அத்துண்டுகளைப் புதிதாகக் கோக்கலாம் என்றாலும், நெல்லின் மரபணுத் தொகுதியில், அதாவது அதன் மொத்த டிஎன்ஏவில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளாக இருப்பதால், கோவை அங்கங்கே அறுந்துபோகும். நீள வாசிப்பு முறைகளில் பேக்பயோ நிறுவனத்தின் ஹைஃபை முறை ஒரே தொடர்ச்சியாகச் சுமார் 15,000 முதல் 20,000 எழுத்துகளைப் படிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் கருவியில் ஒரு லட்சத்தைத் தாண்டும் வாசிப்புகளும் கிடைக்கின்றன. அதனால் திரும்ப வரும் பகுதியையும் அதன் இரு பக்கங்களையும் ஒரே வாசிப்பில் பிடித்துவிட முடிகிறது. மனித மரபணுத் தொகுதியில் நெடுங்காலம் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் 2022-இல் நிரப்பப்பட்டதும் இவ்விரு முறைகளின் துணையால்தான்.

குறைகள் இலையிலேயே தொடங்குகின்றன. டிஎன்ஏ உடையாமல் நீளமாகக் கிடைத்தால்தான் வாசிப்பும் நீளும். பறித்து வெயிலில் வாடிய இலையோ, பல ஆண்டுகளாக உலர்த்தி வைத்த மாதிரியோ இதற்கு உதவாது. நானோபோரில் ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பல முறை வரும் இடங்களில் எண்ணிக்கை தவறுவதுண்டு. ஹைஃபை அதே மூலக்கூறைப் பல சுற்றுப் படித்து 99.9 சதவீதத் துல்லியத்தை எட்டுகிறது, ஆனால் செலவு கூடுதல்.

ஆகவே, நூற்றுக்கணக்கான ரகங்களில் ஓரெழுத்து வேறுபாடுகளைத் தேடுவதற்குக் குறு வாசிப்பே போதும் என்பதும், மாப்பிள்ளைச் சம்பா போன்ற சில ரகங்களையேனும் நீள வாசிப்பில் முழுமையாகப் படித்தே ஆக வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அப்படிப் படித்துப் புதிய மரபணு ஒன்று தென்பட்டாலும், அது என்ன செய்கிறது என்பதை வரிசை மட்டும் சொல்லிவிடாது; பயிரை நீரில் மூழ்கடித்தும் உப்பு மண்ணில் வளர்த்தும்தான் அதைச் சோதித்தறிய வேண்டும்.