கண்ணில் வெட்டிய சதை மறுபடி வளராமல் இருக்க

[காட்சி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்க்கிறார், வெயில் முகத்தில்.]

வணக்கம். நம்ம தோட்டப்பக்கம் கண்ணுல சதை வளர்ந்த ஒருத்தரையாவது பார்த்திருப்பீங்க. மூக்குப் பக்கத்து வெள்ளை விழியில கிளம்பி, சின்ன இறக்கை மாதிரி கருவிழி மேல ஏறும். டாக்டருங்க டெரிஜியம்னு சொல்வாங்க. புற்றுநோய் இல்ல. ஆனா ஆபரேஷன்னு சொன்னாலே வீட்டுப் பெரியவங்க, "வேணாம்பா, கத்தி வெச்சா முன்னைவிட மோசமா வளரும்"பாங்க.

அதை மூடநம்பிக்கைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. அவங்க கண்ணால பார்த்ததைத்தான் சொல்றாங்க. அந்தக் காலத்துல சதையைச் சீவி எடுத்துட்டு, அந்த இடத்தை அப்படியே திறந்து விட்டுடுவாங்க. அந்த முறையில பாதிப் பேருக்கு மேல திரும்பி வந்ததா பல ஆய்வுகள் சொல்லுது.

[காட்சி: கண்ணின் வரைபடம். கருவிழி ஓரம் பச்சை நிறத்தில்.]

கருவிழிக்கும் வெள்ளை விழிக்கும் நடுவுல வரப்பு மாதிரி ஒரு விளிம்பு இருக்கு. சதை தாண்டி வராம காக்கிற ஸ்டெம் செல்கள் அங்கதான் இருக்கு. வெயில்ல அந்த வரப்பு பழுதாகுது. காடு வெட்டிட்டு மண்ணைச் சும்மா விட்டா லாலாங் புல் ஏறிடும்னு தோட்டத்துல நமக்குத் தெரியும். அதுக்குத்தானே மூடுபயிர் போடுறோம்? கண்ணுக்கும் அதேதான். மேல் இமைக்கு அடியில இருந்து மெல்லிய சவ்வை எடுத்து, வெட்டின இடத்துல ஒட்டுவாங்க. தையலும் போடலாம், ஃபைப்ரின் பசையும் தடவலாம். இப்படி ஒட்டினா திரும்பி வர்றது ரொம்பக் குறையுது. அதனால தேதி வாங்கும்போதே, "ஒட்டு வெச்சுத்தான் செய்வீங்களா டாக்டர்?"னு கேளுங்க. வயசு கம்மியானவங்க, சதை தடிப்பா இருக்கிறவங்க கட்டாயம் கேக்கணும். சதை திரும்பி வராம இருக்க, சிலருக்கு மைட்டோமைசின்ங்கிற மருந்தும் வைப்பாங்க. அது அளவு மீறினா வெள்ளை விழியே மெலிஞ்சிடும். அந்த முடிவு டாக்டரோடது.

வீட்டுக்கு வந்ததும் சொட்டு மருந்து. ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்குல, படிப்படியா குறைச்சுக்கிட்டே வரணும். சிவப்பு போயிடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. மிச்சம் இருக்கேன்னு கூடுதலாவும் விடாதீங்க. சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறி, வலியே இல்லாம பார்வை போகும். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துடாதீங்க.

[காட்சி: மோட்டார் சைக்கிள், ஹெல்மெட் கண்ணாடி இறக்கப்படுகிறது.]

வெயில் நேரா மட்டும் வர்றதில்ல. காதுப் பக்கத்துல இருந்து நுழையிற ஒளியைக் கருவிழி லென்ஸ் மாதிரி வளைச்சு, மூக்குப் பக்கத்து விளிம்புல குவிக்குது. சதை பெரும்பாலும் அந்தப் பக்கமே வளர்றதுக்கு இதுதான் காரணம்னு கருதுறாங்க. அதனால சும்மா கறுப்புக் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் மூடற, புற ஊதாக்கதிரைத் தடுக்கிற கண்ணாடியா வாங்குங்க. கூடவே அகல விளிம்புத் தொப்பி.

திரும்பி வர்ற சதை பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளயே தலைகாட்டும். வெட்டின இடம் மறுபடி சிவந்து தடிச்சா, கார்டுல இருக்கிற அடுத்த தேதிக்காகக் காத்திருக்காம அன்னைக்கே கண் கிளினிக்குக்குப் போங்க.