கத்திரிக்கோலுக்கு ஒரு புஸ்தகம்

மேடையில இருக்கிற தலைவர் அய்யா, நூலகர் அம்மா, இந்த மைக்குக்கும் சேர்த்து பணம் கட்டுன பொருளாளர் அய்யா, குடியாத்தத்துல இருந்து பஸ் புடிச்சு வந்திருக்கிற டிராயிங் மாஸ்டர் அய்யா, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்துனீங்க, சந்தோஷம், அடுத்த வாட்டி அந்த காசுக்கு கெட்டி அட்டையும் தையல் நூலும் வாங்கிக் குடுங்கன்னு உரிமையோட கேட்டுக்கறேன்.

கையாலயே போட்டோ புஸ்தகம் பண்றதப் பத்தி மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். புஸ்தகத்தோட வடிவம், போட்டோவுக்கு வெளிச்சம், அப்புறம் பசை. சிறு துரும்பும் பல் குத்த உதவும்னு நான் எங்க போனாலும் சொல்வேன், இங்கயும் சொல்லிட்டேன், கணக்கு வெச்சுக்கோங்க.

நம்ம வேலூர் கோட்டை மியூசியத்துக்கு போனா பழைய ஆயுதம், காசு, சிலைன்னு பாக்கலாம். பீடி சுத்தற கத்திரிக்கோலை யாரு கண்ணாடிப் பொட்டில வெப்பாங்க? அதனால நான் வெச்சேன். எங்க பெரியம்மா முறத்துல இருந்த தூள், எலை வெட்டற தகரத் தகடு, நூல்கண்டு, கத்திரி, ஒவ்வொண்ணா எடுத்து சிமெண்ட் தரையில வெச்சு ஜன்னல் பக்கமா போட்டோ புடிச்சேன், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ள அட்டைய நிக்க வெச்சா போதும், நிழல் கரேர்னு விழாது. வெளிச்சத்தப் பத்தி அவ்ளோதான். பெரியம்மா பாத்துட்டு, "இன்னாத்துக்குடா இதப் போயி எடுக்கற, பட்டுப் பொடவ கட்டிகினு வரேன், என்னை எடு"ன்னுச்சு. சரின்னு அதையும் எடுத்தேன், இல்லன்னா சோறு கெடைச்சிருக்காது.

அந்த போட்டோவ எல்லாம் மொதல்ல தையல் போட்டு புஸ்தகமா கட்டிப் பாத்தேன். ஓரமா நாலு ஓட்ட போட்டுத் தைக்கிற ஜப்பான் தையல் பாக்க அழகு, ஆனா புஸ்தகம் முழுசா விரியாது, தகடு போட்டோ பாதி தையலுக்குள்ள போயிடுச்சு, அந்தப் பக்கம் ஒரு இஞ்சாவது காலி விடணும். அப்புறம்தான் விசிறி மடிப்பு. நீளமா ஒரு தாளு, மடிச்சா உள்ளங்கையில அடங்கும், விரிச்சா திண்ணை நீளத்துக்கு ஓடும். தாளோட நார் எப்படி ஓடுதோ அதே வாட்டத்துல மடிங்க, குறுக்க மடிச்சா மடிப்பு வெடிச்சிடும்.

அத திண்ணையில விரிச்சு வெச்சேன், தெருவே கூடிடுச்சு. பக்கத்து வூட்டு அக்கா குனிஞ்சு பாத்துச்சு, நிமிந்துச்சு, மறுபடி குனிஞ்சுச்சு. "இது என் கத்திரி!" எப்படிக்கான்னு கேட்டா, கட்டைவிரல் வளையத்துல பச்சத் துணி சுத்தியிருக்கு பாரு, அது என் பழைய வாயில் பொடவயோட கிழிசல், காப்பு காய்க்காம இருக்க நான்தான் சுத்துனேன், கடனா வாங்கிகினு போன பொம்பள திருப்பியே தரலன்னு சொல்லுது. பெரியம்மா இல்லவே இல்லன்னுச்சு. அக்கா உள்ள போயி அதே பொடவையில மிச்சத்த எடுத்துகினு வந்து போட்டோ மேலயே வெச்சுது பாருங்க, பெரியம்மா முறத்த எடுத்துகினு உள்ள போனதுதான், சாயந்திரம் வரைக்கும் வெளிய வரல. செல்லுல இருந்த போட்டோன்னா யாரு பாத்திருப்பா? சிறு துரும்பும் பல் குத்த உதவும், கிழிசல் துணி கத்திரியவே மீட்டுக் குடுக்கும்!

இத ஏன் சொல்றேன்னா, நம்ம பசங்களுக்கு மடிக்கத் தெரியல, தைக்கத் தெரியல. டிராயிங் பீரியட், கைத்தொழில் பீரியட்னு டைம்டேபிள்ல இருக்கும், பரீட்சை வந்தா கணக்கு சாரு கடன் வாங்கிப்பாரு, அக்கா கத்திரி மாதிரிதான், திரும்பி வராது. ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு தோல் வேலை நடக்கற ஊருங்க நம்முது, ஷூ வெட்டுன துண்டுத் தோலே எட்டாவது படிக்கிற புள்ளைக்கு மேலட்டை ஆகும். ஒரு ஏ4 தாள எட்டா மடிச்சு நடுவுல கீறி விட்டா எட்டுப் பக்க புஸ்தகம், பசையும் வேணாம் நூலும் வேணாம். அம்மாவோட டிபன் பாக்ஸ், அப்பாவோட ஸ்பேனர், பாட்டி சுருக்குப் பைன்னு வாரம் ஒரு பீரியட்ல ஒரு புள்ள ஒரு புஸ்தகம் பண்ணிடும். அந்த ஒரு பீரியட யாரும் தொடக்கூடாதுன்னுதான் நாங்க மனு எழுதியிருக்கோம்.

தலைவர் அய்யா வாட்ச்ச பாக்கறாரு, துண்டுச்சீட்டும் வந்துடுச்சு. பசையப் பத்தி பேசவே இல்ல, மைதா காய்ச்சி மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுங்க, பூச்சி அரிக்காது, அது விஷம், புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, மீதிய மாஸ்டர் அய்யா சொல்வாரு. மனு பின்னாடி டேபிள்ல இருக்கு, டீயும் அங்கதான் இருக்கு, கையெழுத்து போட்டுட்டு டீ எடுங்க.