எக்னாக்: சிறு தீயில் செய்யும் கிறிஸ்துமஸ் பானம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நான் குடியிருந்தபோது, டிசம்பர் பிறந்தால் எதிர்வீட்டு அம்மா ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து வைப்பார். எக்னாக்குக்கான கிண்ணம் அது. பால், முட்டை, க்ரீம், சர்க்கரை, ஜாதிக்காய், வேண்டுமென்றால் கொஞ்சம் ரம். கடையில் அட்டைப் பெட்டியில் விற்பதை அவர் வாங்கவே மாட்டார். அவரிடம் கற்றதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சூடான பாலில் ஒயினோ பீரோ ஊற்றித் திரியவைத்து, வாசனைப் பொருள் சேர்த்துக் குடித்தார்கள். பாசெட் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குப் பண்ணைப் பாலும் முட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கரீபியன் தீவுகளிலிருந்து ரம் மலிவாக வந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே எக்னாக் அங்கே பண்டிகை பானமாகிவிட்டது. அதை எவ்வளவு விரும்பினார்கள் என்றால், 1826 கிறிஸ்துமஸுக்கு வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் மது கூடாது என்று தடை இருந்தும், மாணவர்கள் எக்னாக்கில் கலக்க விஸ்கியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் ஜன்னல்கள் நொறுங்கின. ராணுவ விசாரணைவரை போனது அந்தக் கலவரம்.

சரி, அடுப்படிக்கு வருவோம். ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் பால், கால் லிட்டர் க்ரீம், ஒரு சிட்டிகை உப்பு, முழு ஜாதிக்காய் ஒன்று. ஜாதிக்காய்ப் பொடி வாங்காதீர்கள். அப்போதைக்கப்போது துருவினால்தான் அந்த மணம் வரும்.

பழைய முறையில் முட்டையைப் பச்சையாகவே அடித்துக் கலப்பார்கள். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ரம் ஊற்றிய உடனே அது செத்துவிடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் குடிக்கிற பானம் இது. காய்ச்சியே செய்வோம்.

மஞ்சள் கருவில் சர்க்கரையைப் போட்டதும் அடிக்கத் தொடங்கிவிடுங்கள். சும்மா விட்டால் கரு கட்டி தட்டிப்போகும். நிறம் வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். இன்னொரு பக்கம் பாலில் உப்பும் கொஞ்சம் ஜாதிக்காயும் சேர்த்து, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். இப்போதுதான் கவனம் வேண்டும். முட்டையைப் பாலில் கொட்டக் கூடாது; ஒரு கரண்டி சூடான பாலை மெல்ல முட்டையில் ஊற்றி அடிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு கரண்டி. முட்டை சூட்டுக்குப் பழகிய பிறகு எல்லாவற்றையும் பாத்திரத்தில் சேர்த்து, சிறு தீயில் வைத்து, கை எடுக்காமல் கிளறுங்கள். முதல் தடவை நான் தொலைபேசி மணி கேட்டு நகர்ந்தேன். ஒரே நிமிடம்தான், திரும்பி வந்தால் பாலில் முட்டைப் பொரியல் மிதந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் புதிதாக ஆறு முட்டை எடுத்துக் கொடுத்தார்.

சமையல் வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸைத் தாண்டட்டும், ஆனால் கொதிக்கவே கூடாது. கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நின்றால், இறக்கிவிடலாம். உடனே வடிகட்டி, குளிர்ந்த க்ரீமைக் கலந்துவிடுங்கள். சூடு மேலே ஏறாது. ஆறியதும் ஓர் இரவு குளிர்பெட்டியில் இருக்கட்டும். ரம் சேர்ப்பவர்கள் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், மொத்தத்துக்கும் அரை டம்ளர் போதும்.

மறுநாள் கெட்டியாகியிருந்தால் கொஞ்சம் பால் விட்டுக் கலக்குங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும். சின்னக் கோப்பைகளில் ஊற்றுங்கள், வயிற்றை நிறைக்கும் பானம் இது. ஜாதிக்காயில் மிச்சம் வைத்திருப்பீர்களே, அதை ஒவ்வொரு கோப்பையின் மேலும், வந்தவர்கள் கண்முன்னே துருவிக் கொடுங்கள்.