நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

எல்லாருக்கும் வணக்கம். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் வீடுகளில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. இரும்புச்சத்துள்ள சிவப்பு மாத்திரையும் சத்து மாத்திரை, கால்சியமும் சத்து மாத்திரை, இதுவும் சத்து மாத்திரை. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைப் பலர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம். 1931-இல் அங்கே லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் வேலை பார்த்தார். அதற்கு முன் 1928-இல் பம்பாய்க்கு வந்தவர். அங்கே ஆலைத் தொழிலாளிகளான ஏழைப் பெண்கள் பிள்ளை உண்டானதும் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனார்கள். பலர் செத்தும் போனார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வருகிற சோகை அல்ல அது. ரத்த அணுக்கள் ஊதிப் பெரிதாகிற இன்னொரு வகை. கிருமியா என்று தேடினார், அகப்படவில்லை. சரி, என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அதே சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டார்; சினை எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. பிறகு அந்தப் பெண்களுக்கே மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துத் தேற்றினார். (இலங்கைத் தமிழர்களுக்கு மார்மைட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.)

அதற்குள் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1941-இல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால் இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். 1945-இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆக, நம் ஊர் ஏழைத் தாய்மார்களின் ரத்தத்திலிருந்து தொடங்கிய கதை இது. அவர்களுக்குத்தான் மாத்திரை பிந்தி வருகிறது என்பது என் வருத்தம்.

ஏன் பிந்தி என்கிறேன்? கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான தகடாக இருக்கும். அது பாய் சுருட்டினாற்போல் சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். கரு உண்டான 28 நாளுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். மூடாமல் விட்டால் முதுகில் பிளவோடு குழந்தை பிறக்கலாம், மண்டை ஓடே உருவாகாமலும் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போகும்போதே கரு உண்டாகி இரண்டு வாரம் ஆகியிருக்கும். மாமியாரிடம் சொல்லி, செவிலியரிடம் பதிவு செய்து மாத்திரை கைக்கு வரும்போது குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே போயிருக்கும். 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறோம், நல்லதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு அது தாமதம்.

1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மாருக்கு முன்கூட்டியே நாளுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட தாய்மார் டாக்டரைக் கேட்டுக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். இந்திய அரசின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது.

இருந்தும் யார் கேட்கிறார்கள்? புதுப்பெண்ணிடம் 'விசேஷம் உண்டா' என்று கேட்கத் தெருவுக்கே வாய் வருகிறது. 'மாத்திரை போடுறியாம்மா' என்று கேட்க ஒருவருக்கும் வருவதில்லை. அவளாகப் போட்டாலும், 'எதுக்கு மாத்திரை, உனக்கு ஏதாவது குறையா?' என்பார்கள். அதற்குப் பயந்தே டப்பாவைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைப்பாள்.

அப்புறம் சாப்பாடு. கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் வாங்கக்கூடியவைதான். ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்தில் பாதி அதோடு போகும். அதிக நேரம் கொதித்தாலும் அழியும். ரேஷனில் செறிவூட்டப்பட்ட, அதாவது சத்து சேர்த்த அரிசி வந்தால் அதிலும் இது கலந்திருக்கும். அதில் கலந்திருக்கும் சத்து மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிகிறவர்களைப் பார்க்கிறேன். எறியாதீர்கள் அம்மா, அது அரிசி மாவில் செய்ததுதான்.

தவறவிட்டவர்கள் என்ன செய்வது? இன்றைக்கே ஆரம்பியுங்கள். குழாய் மூடுகிற நாள் போயிருக்கலாம், லூசி வில்ஸ் பார்த்த சோகை வருகிற ஆபத்து இன்னும் போகவில்லை. நாலாம் மாதம் முதல் சிவப்பு மாத்திரை வரும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நாளுக்கு ஒன்றாகக் கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீயோடு மட்டும் போடாதீர்கள்.