அரிட்டாபட்டி: பாறையும் நீரும் எழுத்தும்

[காட்சி: வயல்களுக்கு நடுவே எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள்]

வணக்கம். மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர்ப் பகுதியில் உள்ள ஊர் அரிட்டாபட்டி. இவ்வூரிலும் அருகிலுள்ள மீனாட்சிபுரத்திலுமாக ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இவ்வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே.

தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்ளே குடியிருப்பு உரிமையும் இல்லை, கால்நடை மேய்ச்சலும் இல்லை. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமோ 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ், உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து அறிவிக்கப்படுவது. மக்களின் உழவையும் மேய்ச்சலையும் வழிபாட்டையும் அது விலக்குவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கிவரும் ஒரு குன்றுக்கு இந்த ஏற்பாடே பொருத்தமானது எனலாம்.

[காட்சி: சுனை, கண்மாய்க் கரை, கலுங்கு]

இங்குள்ள ஏழு குன்றுகளும் பெரும்பாலும் மரமற்ற கருங்கல் பாறைகள். பார்ப்பவருக்கு வறண்டவை போலத் தோன்றினும், ஊரின் நீர்வளம் தொடங்குவது இவற்றின் மீதுதான். பாறையில் விழும் மழை உறிஞ்சப்படாமல் வழிந்து, பிளவுகளிலும் பள்ளங்களிலும் சுனையாகத் தேங்கி, மீதி ஓடைகளின் வழியே அடிவாரக் கண்மாய்களை அடைகிறது; ஒரு கண்மாய் நிரம்பியதும் கலுங்கு வழியாக வெளியேறும் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் ஆகியவற்றுக்கு இக்குன்றுகள் நீர்ப்பிடிப்பாக விளங்குவதாக அரசு குறிப்பிடுகிறது. பாண்டியர் காலத்ததாகச் சொல்லப்படும் ஆனைகொண்டான் கண்மாயும் இவற்றுள் ஒன்று.

செங்குத்தான பாறை விளிம்பில் முட்டையிட்டு, திறந்த வெளியில் இரை தேடுபவை வல்லூறுகள். குன்றும் வயலும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலம் அவற்றுக்கு ஏற்றதாக இருப்பதில் வியப்பில்லை. லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு உட்பட ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் வாழ்கின்றன.

[காட்சி: கழிஞ்சமலைக் குகைத்தளம்]

கழிஞ்சமலையின் இயற்கைக் குகையில் சமணத் துறவியர் தங்கியிருந்தனர். மழைநீர் உள்ளே வழியாதிருக்க முகப்பில் காடி வெட்டி, பண்டைத் தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் கொடையாளியின் பெயரைப் பொறித்துள்ளனர்; நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் குகையைக் குடைவித்துக் கொடுத்த செய்தியை ஒரு கல்வெட்டு கூறுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே மலையில் ஒரு சமணத் தீர்த்தங்கரர் உருவம் செதுக்கப்பட்டது. அதைச் செய்வித்தவர் சமண முனிவர் அச்சணந்தி என்பதை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டால் அறிகிறோம். இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. அதில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின், தமிழகத்தில் அரிதாகவே காணப்படும் சிற்பம் உள்ளது. சமணமும் சைவமும் மோதிக்கொண்ட கதைகளையே அதிகம் கேட்டுப் பழகிய மதுரைக்காரர்கள், இரண்டின் தடமும் ஒரே குன்றுத் தொடரில் அழியாமல் நிற்பதையும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

[காட்சி: நிலப்படத்தில் இரு எல்லைகள்]

2024 நவம்பரில், இத்தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏலம் முடிவானது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுவரையறை செய்யலாம் என்ற யோசனை எழுந்தபோது மேலூர் மக்கள் அதை ஏற்கவில்லை. தலத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினால், ஓடை வாய்க்கால் அறுபட்டுக் கண்மாய் என்னவாகும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த கணக்கு. 2025 ஜனவரி 7 அன்று அவர்கள் மேலூரிலிருந்து மதுரை நோக்கிப் பெருந்திரளாகப் பேரணி வந்தனர்; ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அதே ஆண்டில், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீர கோவில் காடு மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு.